ஆண்கள் பக்கம்

என் வீட்டுக்காரர் குடியை விட்டபின் வந்த முதல் சாரல் அது. ஆய்க்குடி முருகன் கோயிலில் வைத்துக் கையில் கயிறு கட்டியிருந்தார். தைப்பூசம் வரைக்கும் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சொல்லிக் கட்டியது. கையில் அந்தக் கயிறு கிடந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் ஊற்றிக் கொடுக்கமாட்டார்கள். சாமி பயம்.

குற்றாலம் போவோம் என்று தம்பி காரைக் கொண்டுவந்தபோது எனக்கு மனசே இல்லை. அங்கே போய்க் குடிக்காமல் திரும்பிய ஆம்பிளை எங்கள் குடும்பத்தில் கிடையாது.

"அத்தான நான் பாத்துக்கிடுதேன்க்கா. நானும் ஒரு சொட்டு தொடமாட்டேன்" என்றான். அந்தப் பேச்சை நம்பித்தான் ஏறினேன்.

தென்காசி தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது. அருவிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றோம். அவர் ரம்புட்டான் பழத்தை உரித்து என் கையில் வைத்தார்.

"இத்தன வருசம் வந்திருக்கேன், இந்த மலைய ஒழுங்காப் பாத்ததே இல்லட்டி" என்று சிரித்தார். தம்பி முன்னால் அப்படிப் பேசியது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

மெயின் அருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவரைத் தம்பியோடு அனுப்பிவிட்டு, தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வெளியே வந்து காத்து நின்றேன். வெகுநேரம் கழித்து வந்தார்கள். அவர் மேல் எண்ணெய் வாசம். அதையும் மீறிக்கொண்டு பழைய வாசம். கையில் கயிறு இல்லை.

"கயித்த எங்கலே?" என்று தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். "எண்ண தேய்க்கும்போது அவுத்து வச்சேன்க்கா. கையில கயிறு இல்லாதப்ப குடிச்சா சாமிகுத்தம் ஆகாது. திரும்பக் கட்டிரலாம்."

"ஒன்ன நம்பித்தானலே அனுப்புனேன்."

"என்னைய ஏன் வையுத? அத்தாந்தான் நேத்தே போன்ல சொல்லிட்டாவ. எண்ண தேய்க்கிற எடத்துல வச்சு அவுத்துருன்னு."

தம்பி மேல் அந்த வாசம் இல்லை; சொன்னபடி அவன் ஒரு சொட்டும் தொட்டிருக்கவில்லை. பழம் உரித்துத் தரும்போதே இவர் மனசுக்குள் இது இருந்திருக்கிறது.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். "நீயே கட்டிவிடுட்டி."

நான் கட்டவில்லை. நாலு பேர் முன்னால் சத்தம் போட எனக்கு வராது. "கார்ல போயி இருங்க" என்று சொல்லிவிட்டு, ஈரத் தலையோடு மறுபடியும் பெண்கள் பக்கம் போனேன். தோளில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. இந்தத் தடவை அவசரப்படவில்லை. அவர் காருக்குப் போனாரா, வேறெங்கும் போனாரா என்று எட்டிப் பார்க்கவும் இல்லை.