மாங்காய் ஈயும் பாகற்காய் ஈயும்

பதினோரு வருடம் துபாயில் இருந்த என் வீட்டுக்காரர், இனித் திரும்பப் போவதில்லை என்று சொல்லித்தான் அச்சன்புதூர் நிலத்தில் பாகற்காய்ப் பந்தல் போட்டார். விளைந்தால் இங்கே இருப்பார், விளையாவிட்டால் மறுபடி விமானம் ஏறிவிடுவார் என்று எனக்குள் ஒரு பயம். அவரைப் போனில் பார்த்தே குடும்பம் நடத்தியவளுக்கு வேறென்ன தோன்றும்?

காய்க்கத் தொடங்கியதும் ஈ வந்தது. காயில் துளையிட்டு முட்டை வைக்கும். உள்ளே புழு நெளியும். காய் கோணி, அழுகி உதிரும். இவர் தென்காசி உரக்கடைக்குப் போய், பழ ஈக்குப் பொறி கேட்டு வாங்கி வந்தார். எந்தக் காய்க்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை. அரபியில் பேரம் பேசுகிற மனிதருக்குப் பாகற்காய் என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை.

பொறி என்றால் ஒரு டப்பா, உள்ளே வாசனை மருந்தில் ஊறிய கட்டை. அந்த வாசனைக்கு ஆண் ஈக்கள் ஓடி வந்து விழும். இரண்டே நாளில் டப்பா நிறைந்தது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. படம் பிடித்து துபாய்க் கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பினார். தினமும் செத்த ஈக்களைக் கொட்டிவிட்டு, புலி வேட்டையாடி வந்தவர் மாதிரி டீ கேட்பார்.

காய் மட்டும் அழுகிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பாகற்காயில் உட்கார்ந்திருந்த ஈயைக் கிட்டத்தில் பார்த்தேன். செம்பழுப்பு உடம்பு, இறக்கை நுனியில் கறுப்புப் பொட்டு. டப்பாவில் கிடந்தவற்றுக்கோ முதுகு கறுப்பு, இறக்கையில் பொட்டே இல்லை. வேலியோரம் விழுந்து கிடந்த மாம்பழத்தில் போய்ப் பார்த்தால், அதே கறுப்பு முதுகு. கடைக்காரர் கொடுத்தது மாங்காய் ஈயை மட்டும் இழுக்கிற வாசனை. நாங்கள் இத்தனை நாளும் பக்கத்துத் தோப்புக்கார அண்ணாச்சியின் மாம்பழத்துக்குத்தான் காவல் இருந்திருக்கிறோம். அண்ணாச்சி எங்களைக் கண்டால் கூடுதலாகச் சிரித்ததும் அப்போதுதான் விளங்கியது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். இவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிற சந்தோஷத்தைப் பார்த்து நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் பறித்ததில் பாதி சொத்தை. இரண்டு ஈயையும் ஒரு தாளில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

இரண்டின் இறக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

“நாலு நாளாச்சு. சொன்னா வெறுத்துப்போயி பிளைட் ஏறிருவீகளோன்னு பயந்துட்டேன்.”

“ஏட்டி, ஈய மாத்திப் புடிச்சதுக்கு எவனாவது பொண்டாட்டிய விட்டுட்டுப் போவானா?”

சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார். இந்தத் தடவையாவது பாகற்காய்க்கு என்று சொல்லிக் கேளுங்கள் என்றேன்.

“நீயே வந்து கேளு” என்று பின்சீட்டைத் தட்டினார்.