மேல் பெட்டியில் ஒரு குறி

மா ஜொங்-து தென்கொரியாவின் குன்சான் நகரில் முப்பத்தோராண்டு பேருந்து ஓட்டியவர். மூன்று கண்ணாடிகளையும் பாராமல் ஒருநாளும் வண்டியை நகர்த்தியதில்லை. அத்தகையவர் கணினித் திரையின் முன் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளப் பழகியது ஓய்வுபெற்ற ஆண்டில்தான். வங்கி இணையதளம் ஐந்து காவல் நிரல்களை நிறுவச் சொன்னது. அவற்றுள் ஒன்றை ஐயுற்று மறுத்தார். தளம் அவரை முதற்பக்கத்துக்கே திருப்பியது. மறுபடி மறுத்தார்; மறுபடி திருப்பியது. பிற்பகல் முழுதும் கரைந்தபின், ‘அனைத்துக்கும் சம்மதம்’ என்ற மேல் பெட்டியில் குறியிட்டு நீலப் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது.

முதியோர் நல மையத்தில் ஊதியமின்றிக் கணினி கற்பிக்க முன்வந்தபோது, வெண்பலகையில் அவர் முதலாவதாக எழுதியதும் அதுவே: ‘மேல் பெட்டியில் குறி. பின்பு நீலப் பொத்தான்.’ மாணவர் பதினால்வரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.

அவர்களுள் ஒருவர் நா ஹியாங்-ரே. வயது எழுபத்தொன்று. மீன் சந்தையில் வாழ்நாளைக் கழித்து, அறுபத்தெட்டில் எழுத்தறிந்தவர். தெருமட்டத்துக்குக் கீழே பாதி புதைந்த அறையில் தனித்து வாழ்ந்தார். வரும் வசந்தத்தில் அக்கட்டடம் இடிபடவிருந்தது. அரசு வாடகை வீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் வந்தது; அன்று மாலை ஆறு மணிவரையே நேரம். மூன்றரை மணிக்கு அவர் ஜொங்-துவை அழைத்தார்.

“வாத்தியாரே, என் கணினிக்குப் பேய் புடிச்சிருக்கு. எதைத் தொட்டாலும் செருப்பு விக்குது.”

போய்ப் பார்த்தால் அவ்வாறே இருந்தது. விண்ணப்பப் பக்கத்தைத் திறக்குமுன் விளம்பரச் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கவிந்தன.

“என்ன அக்கா பண்ணினீங்க?”

“வீட்டு அறிவிப்பைப் படிக்க ஏதோ புரோகிராம் வேணும்னுச்சு. இலவசம்னு ஒரு இடத்துல கெடைச்சுது. நீங்க சொன்ன மாதிரியே மேல குறி போட்டேன். கீழ ஏழு பெட்டிலயும் தானா குறி விழுந்துச்சு. எவ்வளவு சுறுசுறுப்புன்னு நெனச்சேன்.”

வேறு கணினியை நாடவும் வழியில்லை. ஹியாங்-ரேயின் கையொப்பமாய் நிற்கும் மின்சான்று இதனுள்தான் இருந்தது.

நிறுவிய நிரல்களின் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கினார். அன்று மட்டும் பதினொன்று நுழைந்திருந்தன. வாடகை வீட்டு இணையதளம் கேட்ட காவல் நிரல்களும் அன்றே வந்தவை. காவலும் கேடயமும் பாதுகாப்பும் எல்லாப் பெயர்களிலும் இருந்தன. எது காவலன், எது கள்வன் என்று பெயரைக் கொண்டு அறிய முடியவில்லை. ஒன்றை நீக்கினார். வீட்டுத் தளம் திறக்க மறுத்தது. அது வேண்டிய நிரல். மீண்டும் நிறுவுவதற்குள் ஐந்து மணி ஆயிற்று.

பிறகே, தன் கைப்பேசியில் வீட்டுத் தளத்தைத் திறந்து, அது கேட்கும் நிரல்களின் பெயர்களைத் தாளில் எழுதினார். மூன்றே மூன்று. எஞ்சிய எட்டும் போகவேண்டும். முதலாவதை நீக்க முயன்றார். ஒரு சாளரம் எழுந்தது. விரல் தானாக நீலத்தை அழுத்தியது. ‘நன்றி, தொடர்ந்து காப்போம்’ என்றது திரை. மறுமுறையும் அதுவே நேர்ந்தது.

“கையை எடுங்க வாத்தியாரே. நான் படிக்கிறேன்.” ஹியாங்-ரே திரைக்கு அருகே குனிந்து எழுத்தெழுத்தாய்க் கூட்டினார். “நீக்கினால்... உங்கள் கணினிக்கு... ஆபத்து. நீலத்துல... வைத்துக்கொள்க. கீழ சாம்பல் நெறத்துல பொடியா ஒண்ணு... அப்படியும்... நீக்குக.”

“மணியாகுது அக்கா, கொஞ்சம் வெரசா.”

“வெரசா அழுத்தித்தானே செருப்புக்காரன் ரெண்டு தடவை திரும்பி வந்தான்?”

எட்டுச் சாளரங்களையும் ஹியாங்-ரே அப்படியே படித்தார். காட்டிய இடத்தில் மட்டுமே ஜொங்-து அழுத்தினார். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஹியாங்-ரே பதிவெண்ணை இருமுறை எழுதிக்கொண்டு வாற்கோதுமைத் தேநீர் ஊற்றினார். ஜொங்-துவால் அதைப் பருக இயலவில்லை.

ஹியாங்-ரே குறிப்பேட்டின் முதற்பக்கத்தைத் திறந்தார். “அப்ப இந்த வரியை என்ன பண்றது?”

“அழிச்சிடுங்க அக்கா.”

“பேனால எழுதினது. பேனாலதான் எழுதணும்னு நீங்கதானே சொன்னீங்க.”

இன்னும் பதின்மூவர். ஜொங்-து கைப்பேசியை எடுத்து, வகுப்பிலேயே கெட்டிக்காரரான பியோன் சாங்-ஹோவை முதலில் அழைத்தார்.

“அண்ணே, அந்த மேல் பெட்டிப் பாடம் தப்பு. இனிமே அதுல குறி போடாதீங்க.”

“ஏன் வாத்தியாரே, நல்லாத்தானே வேலை செய்யுது? மையத்துல எல்லாம் மெதுவா ஓடுதுன்னாங்க. வேகமாக்குற புரோகிராம் ஒண்ணு இலவசமா கெடைச்சுது. காலையிலதான் பத்து கணினிலயும் போட்டுட்டு வந்தேன். நீங்க சொன்னபடியே, ஒரே குறி.”

அறைச் சன்னலுக்கு வெளியே, கண்மட்டத்தில், வீடு திரும்புவோரின் செருப்புகள் ஒவ்வொன்றாய்க் கடந்துகொண்டிருந்தன.