கேட்டுட்டுத் தொடணும்

ஈப்போவுல டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க நோயைக் கண்டுபிடிச்சுப் பழக நிஜ நோயாளி வேணும். குனோங் ராபாட்டிலிருந்து போய் அவங்களுக்காகக் கட்டில்ல படுக்கிறதுதான் என் வேலை. தோட்டத்தில சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல என் இதய வால்வு ஒண்ணு குறுகிப்போச்சு. ஏதோ ஒரு வியாதியைச் சுமக்கிற உங்களுக்கு இது புரியும்: நோயைக் காட்டுவேன், ஆனா என்னைக் கேட்டுட்டுத்தான் தொடணும். இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோயில் மஞ்சள்

ஒரு வெள்ளிக்கிழமை முகத்தில பூசின மஞ்சளோட வந்துட்டேன். ஒரு சீனப் பையன் பார்த்ததும் "காமாலை"ன்னு கூட்டாளி காதுல சொன்னான். கன்னத்துக்கு வந்த கையைத் தடுத்து, "கேளு தம்பி"ன்னேன். கேட்டான். கீழ் இமையை இறக்கிப் பார்த்தான். காமாலைன்னா கண் வெள்ளையிலதான் முதல்ல தெரியுமாம். என் கண்ணு பளிச்சுன்னு இருந்திச்சு. விரலைத் துடைச்சுக்கிட்டே சொன்னான்: "ஆண்டி, இந்த நோய் சோப்பு போட்டா போயிடும்லா."

பக்கத்துக் கட்டில்

சுங்காய் ஊர்க்காரர் ஒருத்தர், என்னை மாதிரி நோயைக் காட்டப் படுக்கிற கூட்டத்தில உண்டு. ஈரல் கெட்டு வயித்தில தண்ணி. பிள்ளைங்க விரலை வச்சுத் தட்டுவாங்க. அவர் ஒருக்களிச்சா உள்ள இருக்கிற தண்ணி பள்ளத்துக்கு ஓடும், மந்தமான சத்தமும் கூடவே இடம் மாறும். ஒருநாள் மாத்தி மாத்தித் தட்டினாங்களே தவிர, அவர் முகத்தை ஒருத்தரும் பார்க்கலை. "அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க"ன்னேன். சட்டையை இறக்கிவிட்டுச் சொன்னார்: "தவிலுக்குக்கூட நடுவுல ஓய்வு உண்டுலா, போய் ஆளுக்கொரு தேத்தண்ணி கொண்டாங்க."

யார் செஞ்ச பாவம்

என் நெஞ்சு நோய்க்கு நான் ஐஸ் தின்னதுதான் காரணம்னாங்க. போன பிறவிப் பாவம்னு மாமியார் சொன்னாங்க. தலையாட்டியே காலம் போச்சு. படிக்க வந்த ஒரு மலாய்ப் பொண்ணுதான் விளக்கினா: தொண்டைக்கு வந்த கிருமியை அடிக்கப் போன உடம்போட படை, ஆள் தெரியாம வால்வையும் அடிச்சிருக்கு, காயம் தழும்பாகி வாசல் குறுகிப்போச்சு. கடைசியா அத்தைன்னு மலாய்ல கூப்பிட்டுச் சொன்னா: "மக்சிக், உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

பரீட்சை

அதே பொண்ணுக்குப் பரீட்சை. என்னைக் கேட்டா, இடப்பக்கம் திரும்பிப் படுக்க வச்சா, தூரத்து லாரி மாதிரி உறுமுற சத்தத்தைப் பிடிச்சிட்டா. மார்க் போடுற பெரிய டாக்டர் தமிழர்தான். "இந்தக் கேஸ்ல வேற என்ன?"ன்னு சொல்லிக்கிட்டே என் நெஞ்சுத் துணியை இழுத்தார். நான் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன்.

"அம்மா, பிள்ளையோட நேரம் போகுது."

பொண்ணு முகம் வெளுத்துப்போச்சு. எனக்கும் பாவமாத்தான் இருந்திச்சு. கையை எடுக்கலை.

"அவ கேட்டா, பார்த்தா. நீங்க இன்னும் கேக்கலையே டாக்டர்."

டாக்டர் துணியை விட்டார், என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா, நான் பார்க்கலாமா?"

இதயத்தில ஒரு வால்வுதான் எனக்குக் குறுகிக் கிடக்கு, வாய்க்கு ஒரு குறையும் இல்லைலா.