வெடியில் போன பாதி

எங்கள் ஊரில் யாரிடமாவது அமேடியோ கார்லுச்சியைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். “யாரு, வெடிப் பாட்டு வாத்தியாரா?” என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பகலெல்லாம் சுரங்கத்தில் கரி வெட்டிவிட்டு, சாயங்காலம் அவருடைய பேண்டில் ட்ரம்பெட் வாசித்தவன் நான். திருவிழா வாணவெடிக்காக அந்த மனிதர் ஒரு வரிகூட எழுதியதில்லை.

நேப்பிள்ஸில் இசைக் கல்லூரியில் படித்தவர். ஒரு ஓபரா கம்பெனியோடு கப்பலேறி அமெரிக்கா வந்தார். பிட்ஸ்பர்க் வரை வந்ததும் கம்பெனி நொடித்துப்போய், முதலாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். அப்புறம் ஊமைப்படக் கொட்டகையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கிற கோஷ்டியை நடத்தினார். படம் பேச ஆரம்பித்ததும் அந்தப் பிழைப்பிலும் மண் விழுந்தது. கடைசியில்தான் எங்கள் சுரங்க ஊருக்கு வந்து சேர்ந்தார். வாரநாட்களில் பெண்பிள்ளைகளுக்கு அக்கார்டியன் சொல்லிக்கொடுப்பார். மற்ற நேரத்தில் கல்யாணம், சாவு, ஊர்வலம் எதுவானாலும் எங்களைக் கட்டி மேய்ப்பார். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வேகமாக வாசித்தால் சீக்கிரம் ஒயின் கிடைக்கும் என்று நம்புகிற கூட்டம்.

மாயெஸ்ட்ரோ, அதாவது இசை வாத்தியார், என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர் கத்த மாட்டார். “இன்னொருவாட்டி” என்பார், அவ்வளவுதான். அந்தக் குரலில் இருக்கிற களைப்பைக் கேட்டால், சுரங்கத்திலிருந்து வந்தது நாங்களா அவரா என்று சந்தேகம் வரும். அவர் எழுதிய சாவு மார்ச் இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் கல்லறைக்குப் போனதில்லை. ஆனாலும் அவரை ஒரு இசைக்கலைஞர் என்று யாரும் நினைக்கவில்லை. ரொட்டிக்காரர் மாதிரி, அவரும் ஊருக்கு ஒருவர்.

ஒரு பனிக்காலம் முழுக்கத் தன் அறையில் அடைந்துகிடந்து ஒரு சிம்பொனி எழுதினார். ஒத்திகைக்குக் கொண்டுவந்தபோது என்னிடம் மட்டும் சொன்னார்.

“மொதப் பாதி ஊருக்கு, நுன்ஸியோ. அவங்களுக்குச் சத்தம் வேணும், குடுத்துட்டேன். ரெண்டாம் பாதி எனக்கு.”

முதல் பாதியில் பித்தளையும் முரசுமாக அமர்க்களம். எல்லோரும் சேர்ந்து ஓங்கி ஒரு அடி அடித்ததும் சட்டென்று நின்றுவிடும். பெரிய மௌனம். பிறகு என் ட்ரம்பெட் மட்டும் தனியாக, மெதுவாக ஆரம்பிக்கும். ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொள்வார்கள். ஒத்திகையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஊர் முடிதிருத்துபவர் கார்மினே, சுருட்டு அணைந்துபோனதைக்கூடக் கவனிக்கவில்லை. அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது.

“முழுசா ஒருவாட்டி கேட்டாங்கன்னாப் போதும்” என்றார் அமேடியோ. “அதுக்கப்புறம் சாவு மார்ச்சையே வாசிச்சுக்கிட்டுக் கெடப்போம்.”

எங்கள் ஊர்ப் புனிதர் சான் ரோக்கோவின் திருவிழா அன்று வாசித்தோம். புனிதரின் சிலை ஊரைச் சுற்றிவிட்டுக் கோயில் வாசலுக்குத் திரும்பியதும் பேண்டு மேடையில் கடைசி உருப்படி. அதன் கடைசி அடி விழுந்ததும், கோயிலுக்குப் பின்னால் வயலில் காத்திருக்கும் வெடிக்காரன் ஜெர்லாண்டோ வாணவெடியின் திரியைப் பற்றவைக்க வேண்டும். எங்கள் அப்பாக்கள் காலத்திலிருந்து இதுதான் முறை. வயலிலிருந்து மேடை தெரியாது. காதை வைத்துத்தான் அவன் வேலை.

ஓங்கி அடித்தோம். நிறுத்தினோம். நான் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தேன். வானம் வெடித்தது.

அமேடியோவின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். ஆனால் பேண்டை நடத்தும் கோலைக் கீழே போடவில்லை. எனக்குச் சைகை காட்டினார், வாசித்தேன். நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. புகை நெஞ்சை அடைத்தது. கடைசி வரை நடத்தினார். திரும்பி வணங்கினார். ஒருவரும் மேடையைப் பார்க்கவில்லை.

ஜெர்லாண்டோ ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டேன், மாயெஸ்ட்ரோ.”

“எல்லாருந்தான் நெனச்சாங்க. விடு.”

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் திருவிழாக் கமிட்டித் தலைவர் தொன் சவேரியோ, அதுதான் எங்கள் கசாப்புக்கடைக்காரர், கையில் கத்தியோடு கடை வாசலுக்கே வந்து எங்களை மறித்தார்.

“மாயெஸ்ட்ரோ, என்ன மூளையா உங்களுக்கு! வெடியையும் சேத்து எழுதிட்டீங்களே. வருசா வருசம் இதுதான். அதே எடத்துல பத்தவைக்கச் சொல்லி ஜெர்லாண்டோகிட்டயும் சொல்லிட்டேன்.”

“அதுக்கப்புறமும் பாட்டு இருக்கு, தொன் சவேரியோ.”

“இருக்கட்டுமே. வாசிங்க. யாரு வேண்டாங்கறா?”

வீட்டுக்கு நடக்கும்போது நான் கொதித்தேன். “பாட்டையே எடுத்துருங்க. அந்த ஆட்டுவெட்டிக்கு அப்பத்தான் உறைக்கும்.”

“எடுத்துட்டா மொதப் பாதியும் போயிருமே” என்றார்.

அப்படியே வருடங்கள் ஓடின. வெடிப் பாட்டு என்று பெயர் நிலைத்துவிட்டது. முதலில் எல்லோரும் கடைசி வரை வாசித்தோம். பிறகு ஒவ்வொருவராக, அந்த மௌனம் வந்ததும் எழுந்துபோய்ப் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெடி பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் நானும் அவரும்தான் மிச்சம். பாட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்பதை என் கன்னத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். கோல் அசைந்துகொண்டே இருக்கும். எனக்கு அலுத்துப்போயிற்று, மறைப்பானேன். அவரும் ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் குனிந்துபோனார்.

ஒரு ஆகஸ்டில் திருவிழா அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வெறித்தது, ஆனால் ஜெர்லாண்டோவின் வெடிமருந்தெல்லாம் சேறாகியிருந்தது. அவன் தலைவரிடம்கூடச் சொல்லாமல் நேராக மேடைக்கு வந்தான்.

“இன்னிக்கு ஒண்ணுகூட வெடிக்காது, மாயெஸ்ட்ரோ. நல்லா வாசிங்க.”

அவர் நாற்காலி நாற்காலியாகப் போய் எல்லோரிடமும் சொன்னார். “இன்னிக்கு ஒருவாட்டி எந்திரிக்காதீங்க. கேட்டுக்கறேன்.” அவர் எங்களிடம் எதையும் கேட்டவரில்லை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

முதல் பாதி முடிந்தது. ஓங்கி அடித்தோம். நிறுத்தினோம். அத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த மௌனம் எனக்குக் கேட்டது. ட்ரம்பெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு சைகைக்குக் காத்திருந்தேன்.

சைகை வரவில்லை. அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஊரே அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்கள்; கைக்குழந்தைகளின் காதை அம்மாக்கள் பொத்தியிருந்தார்கள்.

யாரோ ஒருவன் கத்தினான். “வெடி எங்கடா, ஜெர்லாண்டோ?”

கைகள் காதை விட்டு இறங்கின. சிரிப்பும் ஏச்சும் கிளம்பின. பிறகு, மேடையில் கோலோடு நின்ற மனிதருக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று தோன்றியதோ என்னவோ, கைதட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள்.

அமேடியோ குனிந்து வணங்கினார்.

“மாயெஸ்ட்ரோ, நாங்க ரெடி” என்றேன். “அவங்க அடங்கட்டும், ஆரம்பிப்போம்.”

“முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக் கைதட்டிட்டாங்க, நுன்ஸியோ. முடிஞ்சதாவே இருக்கட்டும்.”

“உங்க பாதி?”

“எனக்குக் காலு வலிக்குது” என்றார். கோலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் படியிறங்கினார்.

ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.