காதில் ஆணி அறைந்த பீரங்கி

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் என் கணவர் மதுரையின் தெற்கு ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டிய இரும்பு வார்ப்புப் பட்டறை ஒன்றில் மேஸ்திரியாக இருந்தார். பட்டறை மதிலுக்குள்ளேயே எங்கள் வீடு. பழைய இரும்பை உடைத்து உருக்கி, கிணற்றுப் பம்புக்கும் மில்லுக்கும் சாமான் வார்ப்பார்கள். இரும்புக்கு இருந்த கிராக்கியில் எது கிடைத்தாலும் உலைக்குப் போகும். அப்படித்தான் ஒருநாள் அந்தப் பீரங்கி வந்தது.

தூத்துக்குடிப் பக்கம், கடலோரத்தில் ஒரு வெள்ளைக்காரர் பங்களா வாசலில் அலங்காரத்துக்குக் கிடந்ததாம். பட்டறை முதலாளி பாய் அதை ஏலத்தில் எடுத்திருந்தார். சம்மட்டியால் அடித்தால் அசையாத கனம். கீழே விறகடுக்கித் தீ மூட்டி, பழுக்கக் காய்ச்சி, பிறகு அடித்து உடைப்பதாக ஏற்பாடு. மறுநாள் காலையில் தீ வைக்க வேண்டியது என் கணவர்.

ஒன்றரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன். பீரங்கியின் முதுகில் இரட்டைத் தலைப் பறவை ஒன்றும், அதன் கீழே ஏதோ எழுத்துகளும் புடைத்துக்கொண்டு நின்றன. சம்மட்டிக்காரர் கீழக்குயில்குடிக்காரர், வாய் ஓயாதவர்.

"பாருங்க மதினி, கண்டபேருண்டப் பட்சி! மைசூர்க்காரன் பீரங்கி. நம்ம பாட்டனுக்குப் பாட்டன் காலத்துச் சாமான்."

எனக்கு அது மைசூராகத் தெரியவில்லை. மிஷன் பள்ளியில் டீச்சரம்மா எனக்கு ஒரு தபால்தலை கொடுத்திருந்தார். அதிலும் இதே இரட்டைத் தலைக் கழுகு, கீழே இதே மாதிரித் திருப்பிப் போட்ட இங்கிலீஷ் எழுத்துகள். "இது ருஷ்யாக்காரனது" என்றேன்.

"ருஷ்யாக்காரன் தூத்துக்குடிக்குக் கருவாடு வாங்க வந்தானாக்கும்?" என்றார் அவர். "அப்படியே இருந்தாலும் இப்ப அவன் நம்ம கட்சி மதினி. நம்மளச் சுட மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் பீரங்கியின் பின்பக்கம், திரி வைக்கும் துளையைப் பார்த்தேன். அதில் ஓர் ஆணி தலைவரை இறங்கியிருந்தது.

தோற்று ஓடும் படை, பீரங்கி எதிரி கைக்கு உதவாமல் போக, அதன் காதில், அதாவது அந்தத் திரித் துளையில், ஆணி அறைந்துவிட்டுப் போகும் என்று சரித்திரப் பாடத்தில் படித்திருந்தேன். சுட நேரமில்லாமல் ஓடியவன், உள்ளே போட்ட வெடிமருந்தை மட்டும் வெளியே எடுத்துவிட்டா ஓடியிருப்பான்?

வீட்டுக்கு வந்தேன். அரிசி களைந்தேன். மனம் நிற்கவில்லை. ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வாயிலிருந்து ஆணிவரை வெளியே அளந்தேன். பிறகு கம்பை வாய்க்குள் விட்டேன். ஆணி இருக்கும் இடத்துக்கு ஒரு முழம் முன்பாகவே கம்பு எதிலோ தட்டி நின்றது. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் அப்படியே.

சாப்பிட வந்த கணவரிடம் சொன்னேன்.

"மழையில மண்ணு போய் அடைச்சிருக்கும். குருவி கூடு கட்டியிருக்கும்" என்றார்.

"மண்ணுதானான்னு எப்படித் தெரியும்?"

"மருந்துதானான்னு ஒனக்கு எப்படித் தெரியும்? எறும்புக்கடிய அம்மைன்னு சொல்லி மூணு நாள் என்னயத் தலைக்குத் தண்ணி ஊத்தவிடாமப் பண்ணினவதான நீ? போ, ரசத்த ஊத்து."

ஊற்றினேன். அவர் சொன்னது நிஜம்தான். நான் பயந்தவற்றில் பத்தில் ஒன்றுகூட நடந்ததில்லை. மண்ணாகவே இருக்கலாம். ஆனால் இல்லாவிட்டால், நாளைக் காலையில் தீயின் பக்கத்தில் நிற்கப்போவது அவர்.

சாயங்காலம் தொழுகை முடித்துப் பாய் பட்டறைக்கு வந்தார். கணவர் உலைப்பக்கம் இருந்த நேரம் பார்த்துப் போனேன். அவரைக் கேட்காமல் நான் முதலாளியிடம் பேசியது அதுதான் முதல் தடவை. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுகு, ஆணி, கம்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஒங்க வீட்டுக்காரர் என்னம்மா சொல்றாரு?"

"மண்ணுங்கறாரு. நான் ஒங்ககிட்ட வந்தது அவருக்குத் தெரியாதுண்ணே."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு பீரங்கியையே பார்த்தார். "தண்ணி ஊத்தினா இரும்பு கெட்டா போகப்போகுது? மருந்தா இருந்தா நனஞ்சு வீணாப் போயிரும். ரெண்டு நாள் ஊறட்டும். நானாச் சொன்னதா இருக்கட்டும், நீ போ தங்கச்சி."

சங்கிலிக் கப்பி கட்டி வாயை மேலே தூக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். யார் சொல்லி வந்த யோசனை என்று என் கணவருக்கா தெரியாது? இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார், குழந்தையைப் பார்த்துப் பேசினார். "அம்மாவக் கேளு, சூரியன் மேற்க உதிக்குமான்னு." வீடு பெருக்கும்போதெல்லாம் அந்தக் கம்பு கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன். இருந்திருக்க முடியாது என்றும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் தண்ணீரை வடித்தார்கள். ஊறியது போதும், தீ வைக்கலாம் என்றார் சம்மட்டிக்காரர். எனக்கும் அதே நினைப்புதான், இனிப் பயமில்லை. என் கணவர்தான் விடவில்லை. "இருப்பா. உள்ள மண்ணுதான்னு காட்டிட்டு அப்பறம் வைப்போம். இல்லாட்டி ஒருத்தி காலம்பூராச் சொல்லுவா."

நீளக் கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தார். முதலில் மண், உண்மையாகவே மண். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து இற்றுப்போன கயிற்றுச் சுருள் வந்தது. அதற்கும் பின்னால், கம்பளித் துணியில் தைத்த ஒரு பை. என் மகளின் தலையணை அளவு இருந்தது. வெளிப்புறம் கருப்புச் சேறு. கிழித்துப் பார்த்தால் நடுவில் ஒரு கைப்பிடி, காய்ந்து, மணல் மணலாக. இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தும் நனையவில்லை. சம்மட்டிக்காரர் ஒரு சிட்டிகையை எடுத்துத் தூரப்போய், தகரத்தில் வைத்து, பீடி நெருப்பைக் காட்டினார். புஸ்ஸென்று வெள்ளைப் புகை எழும்பியது. அவர் கை மயிர் பொசுங்கியது. பீடியைக் காலால் மிதித்து அணைத்தார்.

அதுவரை நான் சொன்னதுதான் சரி என்று நின்றிருந்தேன். அந்தக் கைப்பிடி மருந்தைப் பார்த்ததும் குழந்தையோடு நாலடி பின்னால் நகர்ந்தேன். தண்ணீர் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். என் நினைப்புப்படி தீ வைத்திருந்தால்? என்னைப் பொய்யாக்க வேண்டும் என்ற அவர் வீம்புதான் அந்தப் பையை வெளியே இழுத்தது.

இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். சேறு எப்போதோ போயிருந்தது. "மண்ணுன்னுதான் நெனச்சேன்" என்றார். குழந்தையை வாங்கி, அது வலித்து அழும்வரை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் பழைய கொதிகலன் ஒன்று வந்து இறங்கியது. சம்மட்டிக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"மதினி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுச் சொல்லணுமாம். அண்ணன்தான் அனுப்புனாரு."

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கொதிகலனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? போனேன். என் கணவர் சம்மட்டியை இறக்கிவைத்துவிட்டு, நான் தலையாட்டட்டும் என்று காத்திருந்தார். முன்பு என் பயத்தை நம்ப ஆளில்லை. இப்போது இத்தனை பேர். சுற்றிச் சுற்றி வந்தேன். தட்டிப் பார்த்தேன். உடையுங்கள் என்ற ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை.