பட்டன்மேல் கட்டியிருந்த டியூப்

அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே. பின்னால் வருவதில் பாதி என் கோபம்தான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பவர் பிரஸ் மிஷின் என் கணவர் நிஜாரின் வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோய்விட்டது. அந்த மிஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒன்றாக அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும், கை உள்ளே மாட்டாது. வேலை வேகமாக ஆகட்டும் என்று ஒரு பட்டனை அமுங்கியபடியே கட்டிவைத்திருந்தார்கள், பாவிகள்!

ஆஸ்பத்திரியிலேயே அவர் சொன்னார்: "நம்மளே ஒரு பிரஸ் ஷாப்பு போடணும் ஜரீனா. அங்க ஒருத்தன் வெரலும் போவக்கூடாது."

மிஷின் வாங்க வழி இருந்தது, இடம் இல்லை. பழவேற்காட்டில் எங்கள் சொந்தக்காரர் காசிம் பாய், ஏற்கெனவே ஷெட் வைத்து பிரஸ் ஓட்டுகிறவர், பார்ட்னராகச் சேருகிறேன் என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

"அஞ்சு வேளையும் பள்ளிவாசல்ல நிக்கிற மனுசன். ஒனக்கு இன்னாதான் வேணும்?" என்று என் கணவர் எரிந்து விழுந்தார்.

அல்லாஹ்விடம் வழி கேட்டு இஸ்திகாரா தொழுதேன். 'யா அல்லாஹ், இந்தக் கூட்டு நல்லதென்றால் இலேசாக்கு, கெட்டதென்றால் எங்களைத் திருப்பிவிடு' என்று அழுதேன். எங்கள் பெண்களுக்கு ஒரு பழக்கம். அப்படித் தொழுதால் கனவில் பச்சை தெரிந்தால் நல்லது, கறுப்பு தெரிந்தால் வேண்டாம். நானும் கனவுக்குக் காத்துக் கிடந்தேன். ஒன்றும் வரவில்லை. உன்னைத்தானே கேட்டேன் ரப்பே, ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று தொழுகை விரிப்பிலேயே சண்டை போட்டேன்.

கையெழுத்துக்கு முன் காசிம் பாயோடு அவர் ஷெட்டைப் பார்க்கப் போனோம். லுஹர், மதியத் தொழுகை நேரம். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரு மூலையில் துணி விரித்துத் தொழுதேன். தொழுகையின் முடிவில் ஸலாம் கொடுக்க வலது பக்கம் முகத்தைத் திருப்பினேன். கண்ணெதிரே ஒரு பிரஸ். அதன் ஒரு பட்டன்மேல் மரக்கட்டை வைத்து, சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தது.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இன்னா பாய் இது?" என்று கத்தினேன்.

"அட, இன்னாம்மா நீ! ரெண்டு கையும் வெச்சி அமுக்கினு இருந்தா டார்கெட் எப்ப முடியும்? எல்லா ஷெட்லயும் இப்பிடித்தான். அல்லா பாத்துப்பான்."

"அவன் பாத்துட்டான் பாய். எனக்கும் காட்டிட்டான்!"

இவர் அந்த பிரஸ் பக்கம் போனார். வலது கையில் மீதி இருந்த இரண்டு விரலால் டியூபை அவிழ்த்தார். நேரம் பிடித்தது. பிறகு, "வா ஜரீனா, போலாம்" என்றார்.

அப்புறம்தான் ஆரம்பாக்கத்தில் கலைவாணி அக்கா கிடைத்தார். வயல் ஓரம் ஷெட் கட்டிப்போட்டிருந்தவர். பிரஸ் பற்றி ஒன்றும் தெரியாது. என் கணவர் கையைப் பார்த்தார், நடந்ததை முழுக்கக் கேட்டார்.

"பட்டன கட்றவன் எவனா இருந்தாலும் வெளிய அனுப்பணும். பத்திரத்துல எழுது தம்பி, நான் பார்ட்னரு" என்றார்.

'சொந்தத்தை விட்டுவிட்டு அசலாரோடு கூட்டா?' என்று ஊரில் வாய் நீண்டது. நீளட்டும்! விரல் போனபோது அந்த வாயெல்லாம் எங்கள் வாசலுக்கு வரவில்லை.

இன்று எங்கள் ஷாப்புக்கு வருகிறவர்கள் பத்து விரலோடு வீடு திரும்புகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். இவர் அவிழ்த்த பட்டனை காசிம் பாய் ஷெட்டில் மறுபடி கட்டிவிட்டார்களாம்; தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடம் புகார் கொடுத்திருக்கிறேன். சொந்தத்தில் பேச்சு நின்றுபோனது. கோபம் அடங்கவில்லை. அங்கே கட்டு அவிழும்வரை அடங்கவும் வேண்டாம்.

நீங்களும் கூட்டு சேருமுன் அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கனவுக்காகப் படுத்துக் கிடக்காதீர்கள். எழுந்து அந்த இடத்துக்குப் போங்கள். எதைப் பார்க்க வேண்டுமோ, அந்தப் பக்கம் அவன் உங்கள் முகத்தைத் திருப்புவான்.