சீலா சேர்த்த உருட்டு

பாலையூற்றில் சீலாவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் ட்ரம்ஸ் அடிக்கிற இராஜநாயகத்தின் மனைவி, அவ்வளவுதான். நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் அவளுக்கு வேலை. காலையில் பஸ் ஏறிப் போய் வெள்ளை விரிப்புகளைத் தோய்த்து உலர்த்தி மடித்துக் கொடுத்துவிட்டு, பின்னேரம் களைத்து வருவாள். கோயில் பாடகர் குழுவுக்கு அழைத்தபோது, "எனக்குப் பாட்டுக் கூட்டம் சரிவராது" என்று விலகிக்கொண்டவள். சலவை அறைச் சுவருக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆடுகிற கடற்கரைக் கொட்டில் இருந்தது. அங்கிருந்து வருகிற கொம்பியூட்டர் இசையின் 'தும் தும் தும்' நாள் முழுக்க அவளுடைய காதில் விழும். அதைக் காதில் வாங்கியபடியே கை தன் பாட்டில் மடித்துக்கொண்டிருக்கும்.

இராஜநாயகம் சஞ்சீவனின் இசைக்குழுவில் இருந்தவர். கலியாண வீடுகளில் அவர் பைலா ஒன்றைத் தொடக்கினால், முழங்கால் நோ என்று கதிரையில் இருந்தவர்களும் எழும்பி ஆடுவார்கள். ஒரு நாள் காலை வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்து மாட்டக் குனிந்தவர், அப்படியே சரிந்து விழுந்தார். பாரிசவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சு மிஞ்சியிருந்தது, இடது பக்கம் மிஞ்சியிருந்தது. வலது கையும் காலும் அவர் சொன்ன சொல் கேட்கவில்லை. மகள் தினுஷா கொழும்பிலிருந்து வந்து நின்றுவிட்டு, லீவு முடிய அழுதுகொண்டு போனாள். முன்னறையில் கிடந்த ட்ரம்ஸை ஒரு சீலையால் மூடிவிடும்படி இராஜநாயகம் சொன்னார். சீலா மூடினாள்.

சஞ்சீவன்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். தட்டையான கறுப்பு ட்ரம் மெசின் ஒன்று, முகத்தில் ரப்பர் பட்டன்கள்.

"அண்ணன், நான் இப்ப லப்டொப்புக்கு மாறிட்டன். இது சும்மா கிடக்குது. ஒரு கையாலயே அடிக்கலாம், பாருங்கோ."

அவன் ஒரு பட்டனைத் தட்டினான், பேஸ் ட்ரம்மின் கனத்த அடி விழுந்தது. மெசின் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அடித்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பட்டனில் ஸ்னெயார் என்கிற சின்ன ட்ரம்மைச் சேர்த்தான், பிறகு சிம்பலை. இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே நேரத்தில் செய்கிற வேலையை ஒரு கை ஒவ்வொன்றாகச் செய்து அடுக்கிவிடலாம். இராஜநாயகம் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் அவர் தேத்தண்ணி கேட்கவும் மறந்துபோனார்.

சஞ்சீவன் ஒரு பழைய லப்டொப்பையும் விட்டுவிட்டுப் போனான். மெசினில் அடித்ததை ஒரு வயர் வழியாக லப்டொப்புக்குள் எடுத்து, அங்கிருந்து அவனுக்கு அனுப்ப வேண்டும். சின்ன எழுத்துகள் இராஜநாயகத்துக்கு இரண்டு இரண்டாகத் தெரிந்தன. ஆகவே அந்த வேலை சீலாவிடம் வந்தது. திரையில் தாளத்தின் இடங்களைக் காட்டும் கோடுகள் இருக்கும், ஒவ்வொரு அடியும் ஒரு சின்னப் பெட்டியாகக் கிடக்கும். அடி சரியான நேரத்தில் விழுந்திருந்தால் பெட்டி கோட்டின் மேல் இருக்கும். பிந்தி விழுந்திருந்தால் கோட்டைத் தாண்டி நிற்கும். இராஜநாயகத்தின் பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே தாண்டி நின்றன.

காதால் கேட்டபோதும் அவளுக்கு விளங்கியது. பழக்கமில்லாத இடது கை, தாளம் போன பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

இதை இப்படியே அனுப்பினால் சஞ்சீவன் என்ன செய்வான்? முகம் கோணாமல் வாங்கிவிட்டு, வேறு யாரையாவது தேடுவான். சீலா ஒரு பெட்டியைப் பிடித்து மெல்ல இழுத்துக் கோட்டில் வைத்தாள். அடுத்ததையும் வைத்தாள். கடைசிப் பெட்டியும் கோட்டில் ஏறிய பிறகுதான் அனுப்பினாள். புருசனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

குழு அதை ஒரு கலியாணத்தில் போட, ஆட்டம் நன்றாகப் போனதாம். அந்தச் செய்தி வந்த நாள் இராஜநாயகம் தானாகக் கேட்டு இன்னொரு இடியப்பம் சாப்பிட்டார். அதன் பிறகு சீலாவுக்கு நிறுத்த மனம் வரவில்லை. அவர் அடிப்பார், அவள் திருத்துவாள். திருத்தத் திருத்த அவளுடைய காதும் கூர்மையானது. ஒரே அடிக்கு லப்டொப்பில் வேறு வேறு சத்தம் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தாள். எந்த ஸ்னெயார் தகரம் மாதிரிக் கேட்கும், எது தோல் மாதிரிக் கேட்கும் என்று பிரித்துச் சொல்ல அவளால் முடிந்தது. ஒரு தடவை, பாட்டு திரும்புகிற இடம் வெறுமையாகக் கிடப்பதாகப் பட்டு, அதில் தானாகவே, அடிகள் அடுத்தடுத்து உருண்டு விழுகிற ஒரு சின்ன உருட்டைப் போட்டாள்.

நிலாவெளியில் சஞ்சீவனின் சொந்தக்காரப் பெண்ணின் கலியாணத்துக்கு இரண்டு பேரும் போனார்கள். பாரிசவாத வருத்தம் வந்த பிறகு இராஜநாயகம் முதல்முதலாக நாலு பேர் கூடுகிற சபைக்குப் போனது அன்றுதான். குழு தொடங்கியது. தன்னுடைய தாளம் பெரிய ஸ்பீக்கரில் வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த மலர்ச்சி வடிந்துபோனதைச் சீலா பக்கத்திலிருந்து பார்த்தாள். உருட்டு வந்த இடத்தில் அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை அவள் அவருக்கு முகம் வழித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சோப்பு நுரையோடு அவர் கேட்டார்.

"அந்த உருட்டு யார் போட்டது?"

சீலாவின் கை நின்றது. "நான்தான்."

"மற்றதெல்லாத்தையும் நேராக்கினதும் நீதானே? நான் பிந்தித்தான் அடிச்சனான். எனக்குத் தெரியாதே, என்ட கை எங்க விழுந்தது எண்டு?"

"உங்களைக் குறூப்பால எடுத்துப்போடுவினமோ எண்டு பயந்தனான்."

"நொண்டி நொண்டித்தானே நேற்றுச் சபைக்குள்ள வந்தனான். அந்தக் காலை நீ ஆருக்கும் மறைக்கேல்ல. கையை மட்டும் ஏன் மறைச்சனீ?"

அவள் மிச்சத்தை வழித்து, முகத்தைத் துடைத்துவிட்டு, குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதாள். இராஜநாயகம் மெசினைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடச் சொன்னார்.

சஞ்சீவனிடம் இனியும் பொய் வேண்டாம் என்று அவளே அவனுக்குப் போனில் கோல் எடுத்தாள். நடந்ததை அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

"அக்கா, எனக்கு முதலே ஒரு சந்தேகம் இருந்தது. அண்ணன் சுகமா இருக்கேக்கையே அவ்வளவு நேரா அடிக்கிறேல்ல. அதுதானே அவற்ற அடி. நாங்கள் மேடையில நீங்கள் நேராக்கினதோட சேர்ந்து வாசிக்கேக்க விறைச்சுப்போய் நிக்கிற மாதிரி இருக்கும். ஆனா அந்த உருட்டு நல்லா இருந்தது. அது அண்ணன்ட இல்லையெண்டு தெரியும். ஆற்ற எண்டுதான் தெரியேல்ல."

அவள் நன்றி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். ஆனாலும் 'உருட்டு நல்லா இருந்தது' என்ற அந்தச் சொல் அவளுக்கு உள்ளே இருந்துகொண்டேயிருந்தது.

மாரி வந்தது. கடல் கொந்தளிக்க, வெளிநாட்டுக்காரர் வருகை நின்று ஹோட்டலை மூடினார்கள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், இராஜநாயகம் உள்ளே படுத்திருக்க, சீலா கட்டிலுக்குக் கீழே கிடந்த மெசினை இழுத்தெடுத்து, லப்டொப்போடு சேர்த்து முன்னறைக்குக் கொண்டுபோனாள். திருத்த அல்ல, அடித்துப் பார்க்க. சலவை அறையில் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தச் சிம்பலை முதலில் வைத்தாள். பிறகு பேஸ். அவளுக்கே பிடிக்கவில்லை. அழித்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"பேஸ் அவ்வளவு அவசரப்படக் கூடாது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்ப நீங்களே வந்து அடியுங்கோவன்."

மழைச் சத்தத்துக்கு மேலால் கைத்தடியின் சத்தம். இராஜநாயகம் காலை இழுத்து இழுத்து வந்து கதிரையில் இருந்து, இடது கையை நீட்டினார். அவளுடைய சிம்பல் மணிக்கூடு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய பேஸ் அதற்குப் பின்னால் சற்றுத் தாமதித்து, கனமாக விழுந்தது. சீலா திரையைப் பார்த்தாள். பெட்டிகள் கோட்டைத் தாண்டி நின்றன. அவள் சுட்டியில் கை வைக்கவில்லை.

"இப்பிடியே விடட்டோ?"

"விடு," என்றார் அவர். "உன்டதை நேரா வைச்சிரு. அப்பதான் என்டது பிந்தினது தெரியும்."

அவர்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நடக்க அவசரமில்லாத ஒருவர் நடந்து வருவது போல அந்தத் தாளம் இருந்தது. சீலாவுக்குத் தோள் தானாக ஆடியது. அதைக் கண்டு இராஜநாயகம் சிரித்தார். வருத்தம் வந்த பிறகு அந்தச் சிரிப்பு ஒரு பக்கம்தான் போகும். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பங்குனி முடிய ஹோட்டல் திறந்தது. கடற்கரைக் கொட்டிலில் முதல் ஆட்டத்துக்குச் சஞ்சீவனைக் கேட்டிருந்தார்கள். அவன் சீலாவிடம் வந்து, "லப்டொப்பில போட்டு விடுறதெண்டால் நானே செய்வன். எனக்கு மெசினோட ஆள் நிக்க வேணும். அக்கா நில்லுங்கோ," என்றான்.

"எனக்கு ஏலாது தம்பி. அங்க எல்லாருக்கும் நான் விரிப்பு மடிக்கிறவள்."

"மடிச்சுப்போட்டு வந்து நில்," என்றார் இராஜநாயகம்.

அன்று அந்தி படுகிற நேரம் சீலா சுவருக்கு மறுபக்கம் நின்றாள். சலவை அறையில் அவளோடு வேலை செய்கிற ஹுஸ்னியா வாசலில் நின்று பார்த்தாள். இராஜநாயகம் தன் இடது கையால் அடித்து வைத்த பேஸ் ஓட, அதற்கு மேல் சீலா சிம்பலையும் ஸ்னெயாரையும் அடித்துச் சேர்த்தாள். முதலில் மணலில் நின்றவர்கள் தடுமாறினார்கள், கால் எங்கே வைப்பதென்று தெரியாமல். பிறகு இரண்டு மூன்று பேருக்குப் பிடிபட்டது. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் இடுப்பைத் தாழ்த்தி மெதுவாக ஆடத் தொடங்கினார்கள். ஓரிடத்தில் அவள் பிழையான பட்டனைத் தட்டிவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை. இராஜநாயகம் மட்டும் கதிரையிலிருந்து புருவத்தை உயர்த்தினார்.

இப்போது சஞ்சீவனின் குழுவோடு பாலையூற்றிலிருந்து இரண்டு பேர் போகிறார்கள். ஒருவர் கதிரையில் இருந்து கேட்கிறவர், மற்றவர் நின்று அடிக்கிறவர். ஸ்னெயாருக்கு எந்தச் சத்தம் என்பதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவருக்குத் தோல் சத்தம் வேண்டும், அவளுக்குத் தகரம். போன கிழமை தினுஷா கோல் எடுத்தபோது இருவரும் அந்த வாக்குவாதத்திலேயே நின்றார்கள். "அம்மா, அப்பாவிட்டக் குடுங்கோ," என்று அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். போனைக் கொடுக்க இருவருக்கும் நேரமில்லை.